உன் அத்தான் பெயரில் ஒரு தையல்

கடல் தாண்டி இருந்தாலும் என் கண்ணைத் தாண்டாத தங்கச்சிக்கு, அக்கா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், எலும்பு ஒன்றும் முறியவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடச் சொன்னார் உன் அத்தான், ஏனென்றால் நீ எந்தக் கடிதத்தையும் நடுவிலிருந்துதான் படிப்பாய், இந்தக் கடிதத்துக்கு நடுப்பகுதி கொஞ்சம் பயங்கரம். அங்கே நீயும் உன் முழங்காலும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பிள்ளைகள் விஷயம். மூத்த பேரனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை நிரந்தரமாகிவிட்டது. எத்தனை பெரிய டாக்டராக இருந்தாலும் இவன் எடுத்துக் காட்டினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமாம். இரண்டாவது பேரன் பரீட்சையில் ஒரு பாடம் தவிர எல்லாவற்றிலும் தேறிவிட்டான். அந்த ஒன்றையும் அவன் விடுவதாக இல்லை, மூன்றாவது தடவை எழுதப்போகிறான், இந்த விடாமுயற்சி யாருக்கு வரும் சொல்லு. மகள் வீட்டுப் பேத்தி கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதிகாரி பாதி வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "போதும்மா, எல்லாம் தெரிஞ்சிடுச்சு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். கடைக்குட்டிக்கு இன்னும் பல் எல்லாம் முளைக்கவில்லை, ஆனால் போனில் நடுவில் வரும் விளம்பரத்தைத் தள்ளிவிடத் தெரியும். அவன் தாத்தாவுக்கு இன்றுவரை தெரியாது.

மிச்சம் இருப்பது பாரம் தூக்குகிற பேத்தி. போன கடிதத்தில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இரும்பு" என்று கேட்டிருந்தாய். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "சின்னப் பாட்டி வந்தா அவங்களையே தூக்கிக் காட்டுறேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். விஷயம் என்னவென்றால், இந்த வருடப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால்தான் பெரிய பயிற்சி முகாமில் அவளைச் சேர்ப்பார்கள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அவள் அப்பா, என் மூத்தவன், "இந்தத் தடவை வரலைன்னா இரும்பை இறக்கி வெச்சிட்டு ஒழுங்கா ஒரு ஆபீசுக்குப் போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். பிள்ளை சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இதற்கும் நீ அனுப்பிய தையல் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். வருகிறேன். என் பழைய கறுப்பு மெஷினுக்கு ஒரே ஒரு தையல்தான் தெரியும், எனக்கும் அது ஒன்றுதான் தெரியும், இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் காலம் தள்ளினோம். நீ அனுப்பியதற்கு வயிற்றில் ஒரு குமிழ், அதைச் சுற்றிப் படம் படமாக இத்தனை தையல். கூட வந்த புத்தகத்தில் நம் எழுத்து மருந்துக்குக்கூட இல்லை. முதல் நாள் துணியை அமுக்கும் காலை இறக்காமலே ஓட்டிவிட்டேன், அடியில் நூலெல்லாம் திரண்டு குருவிக்கூடு கட்டிவிட்டது, முட்டை ஒன்றுதான் குறை. அடுத்து, நேராகப் போவதற்கான காலை மாட்டிவிட்டு வளைந்து போகும் தையலுக்குக் குமிழைத் திருப்பினேன், ஊசி காலில் இடித்து ஒடிந்து பறந்து, உன் அத்தான் படித்துக்கொண்டிருந்த பேப்பரில் வானிலைச் செய்தியில் குத்தி நின்றது. அப்புறம் அவர் கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கப்போய் வரிசையாக வாத்து வந்துவிட்டது. அதைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போய், அங்கே மூக்கைத் துடைத்திருக்கிறார். அங்கே இப்போது இவருக்கு வாத்துக்காரர் என்று பெயர். இதற்கு நான் என்ன செய்ய, சொல்லு.

அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் உன் அக்கா அத்தனை சுலபமாகத் தோற்கிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் எந்தப் பாடத்தையும் ஆள் பெயர் வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன். இதற்கும் அப்படியே வைத்தேன். ஒவ்வொரு தையலாகக் கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்து, அது யார் மாதிரி நடக்கிறது என்று யோசித்தேன். எட்டி எட்டிக் கால் வைத்து, ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும் தையல் நம் மாப்பிள்ளை, வந்த வேகத்தில் செருப்பைத் தேடுகிறவர். நாலு அடி நேராக நடந்து ஐந்தாவது அடியில் சட்டென்று பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நடப்பது மாடி வீட்டுக்காரி. ஒரு பக்கமாக ஏறி, தலைமாட்டில் திரும்பி, மறுபக்கமாக இறங்கி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்கும் பட்டன் துளைத் தையல் என் சம்பந்தியம்மா. அவர் பேச்சும் அப்படித்தான், நடுவில் நாம்தான் வெட்டிவிட வேண்டும். இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போவது என் சின்ன மகன், ஒரு வேலையில் நேராக நின்றான் என்று கிடையாது. பூப்பூவாக வருவது நீ. பார்க்க அவ்வளவு அழகு. எதையும் எதோடும் சேர்த்துத் தைக்காது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

உன் அத்தானுக்கு ஒன்று அளவெடுத்ததுபோல அமைந்தது. அந்தத் தையல் ஒரு அடி முன்னால் போகும், உடனே அதே வழியில் பின்னால் வரும், மறுபடி அதே இடத்தைத் தாண்டிப் போகும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி போவாரே, அச்சு அசல் அவர்தான். ஒவ்வொரு இடத்திலும் மூன்று நூல் விழுவதால் என்ன இழுத்தாலும் அறாது, தவறாகத் தைத்துவிட்டால் பிரிக்கவும் முடியாது. அதுவும் அவர்தான். பேத்தி எல்லாப் பெயரையும் துண்டு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குமிழைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தாள். உன் அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "நான் மாப்பிள்ளைக்கு மேல இருக்கேனா, கீழ இருக்கேனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் அந்த உடுப்பு வந்து இறங்கியது. பாரம் தூக்குகிறவர்கள் கழுத்திலிருந்து தொடைவரை ஒரே துண்டாக ஒன்று போடுகிறார்கள், ரப்பர் மாதிரி இழுபடும் துணி. பேத்தி எடைக்கணக்குக்காக உடம்பை இளைக்கவைத்திருந்தாள், உடுப்போ பழைய அளவுக்கு வந்துவிட்டது. உடம்போடு ஒட்டியிருந்தால்தான் மேடையில் ஏற்றுவார்களாம். "இரண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சா சரியாயிடும், நான் தைக்கிறேன்" என்றேன். உன் அத்தான் பேப்பரை இறக்கினார்.

"அதைத் தையல்கடையில குடுத்துடு. இது இழுக்குற துணி. பிள்ளையோட எதிர்காலம் இருக்கு இதுல."

"நான் தைச்சா எதிர்காலம் ஓடிப் போயிடுமா?"

"ஓடாது. நீந்திப் போயிடும். நீ வாத்து தைக்கிறவ."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. அந்த நிமிடத்தோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சாப்பாடு வேண்டுமா என்பதைக்கூடப் பேத்தி மூலமாகத்தான் கேட்டேன். உடுப்பை மெஷினில் வைத்தபோது இப்படி இழுபடும் துணிக்கு உன் அத்தான் தையல்தான் சரி என்று என் மனசுக்குத் தெரிந்தது. கையும் குமிழ்மேல் போனது. ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தில் அவர் பெயரைப் பார்த்ததும், போயும் போயும் இந்த மனுஷனிடமா போய் நிற்பது என்று வந்துவிட்டது. குமிழை ஒரு திருப்புத் திருப்பி, சின்ன மகனை வைத்துத் தைத்து முடித்துவிட்டேன். வளைந்து வளைந்து நன்றாகத்தான் வந்தது. பேத்தி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து எழுந்து பார்த்தாள், "பாட்டி, தோல் மாதிரி இருக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அன்றைக்கு நான் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும்.

போட்டி அன்று உன் அத்தானும் நானும் பேசாமலே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பெரிய கூடம், நடுவில் பலகை மேடை, விளிம்பில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள், எங்கே பார்த்தாலும் கையில் தடவிக்கொள்ளும் வெள்ளைப் பொடி. ஒவ்வொருத்திக்கும் மூன்று வாய்ப்பு. நம் பிள்ளை வந்தாள், கம்பியைப் பிடித்தாள், ஒரே மூச்சில் நெஞ்சுவரை கொண்டு வந்து அப்படியே குந்தினாள். அப்போது கேட்டது சத்தம். பட், பட், பட், பட் என்று மழையில் ஓட்டுக்கூரைபோல ஒரே வரிசையாக. கூடமே "ஐயோ முழங்கால்" என்றது. கம்பி தடால் என்று விழுந்தது. அவளுக்குப் பயிற்சி தரும் அம்மா, கழுத்தில் எப்போதும் விசிலோடு திரிவதால் விசிலம்மா என்று பெயர், அவர் ஓடினார், வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் பெட்டியோடு ஓடினார். நான் மட்டும் ஓடவில்லை. எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியாது, நூல் அறுகிற சத்தம் நன்றாகத் தெரியும். அக்குளிலிருந்து இடுப்புவரை வலது பக்கம் வாய் பிளந்துவிட்டது. உள்ளே பனியனும் கால்சட்டையும் இருந்ததால் மானத்துக்குக் குறைவில்லை. மானம் என்னுடையதுதான் போனது.

எப்படி உள்ளே போனேன் என்று கேட்காதே. வாசலில் நின்ற ஆளிடம், "நான் அவளோட டாக்டர்" என்றேன் என்று உன் அத்தான் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. பெண்கள் அறையில் பிள்ளை பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கிழிந்த உடுப்போடு மேடை ஏறக்கூடாது, ஊக்குக் குத்தவும் கூடாது, உலோகம் இருக்கக் கூடாதாம். விசிலம்மா தன் பையிலிருந்து மாற்று உடுப்பு ஒன்றை எடுத்தார், அதற்குள் நம் பிள்ளையைப் போட்டுக் கூட ஒரு பீரோவையும் வைக்கலாம். "பாட்டி, அப்பா ஏற்கெனவே ஆபீஸ் பார்த்து வெச்சிட்டாரு" என்றாள் பிள்ளை. அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஊசிக்கு எங்கே போவது என்று நான் தவித்தபோது கதவு இடுக்கில் ஒரு கை மட்டும் நீண்டது. அதில் நூல் கோத்த ஊசி. தங்கச்சி, உன் அத்தான் சட்டைக் காலருக்கு உள்பக்கம் எப்போதும் இரண்டு ஊசியும் சட்டைப் பையில் ஒரு நூல்கண்டும் வைத்திருப்பார், எங்காவது பட்டன் போய்விட்டால் என்ன செய்வது என்று. அதற்காக நான் இத்தனை வருடம் செய்த கேலி கொஞ்சமா? அன்று அந்தக் கையிலிருந்து ஊசியைப் பறித்துக்கொண்டேன். பெண்கள் அறை என்பதால் அவர் உள்ளே வரவில்லை, பேச்சு இல்லை என்பதால் நான் வெளியே போகவில்லை. நடுவில் விசிலம்மா தபால்காரர் ஆனார்.

"நூல் பத்தாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"நூல் பத்தாதாம் சார்."

"வருது, கோத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க. அவங்க கண்ணாடியை வீட்டு மேசையிலேயே விட்டுட்டு வந்திருக்காங்க, தடவித்தான் தைக்கணும், விரலைக் குத்திக்காம தைக்கச் சொல்லுங்க."

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் நேரடியாப் பேசிக்க மாட்டீங்களா?" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கழற்றித் தைக்க நேரமில்லை, உடம்பிலேயே வைத்துத் தைத்தேன். மெஷினில் கோபத்தில் ஒதுக்கிய அதே தையலைத்தான் கையால் போட்டேன், முன்னால் ஒரு அடி, பின்னால் வந்து பூட்டைப் பார், மறுபடி முன்னால். துணி இழுபட்ட நிலையில் தைத்தால்தான் குந்தும்போது அறாது என்று, பிள்ளையைப் பாதி குந்தவைத்தே தைத்தேன்.

"அசையாத. மூச்சை இழுத்துப் பிடி."

"எவ்வளவு நேரம் பாட்டி பிடிக்கிறது? நான் பாரம் தூக்கத்தான் படிச்சேன், முத்தெடுக்கப் படிக்கலை."

"வாயை மூடு, பனியனோட சேர்த்துத் தைச்சிடுவேன்."

"என்னோட சேர்த்துத் தைச்சிடாதீங்க, அது போதும்."

அதற்குள் அவள் பெயரை இரண்டாம் தடவை கூப்பிட்டு, நேரம் முடிந்து, அந்த வாய்ப்பும் போய்விட்டது. ஒன்றுதான் பாக்கி. கடைசி முடிச்சுக்கு வந்துவிட்டேன். அப்போது கதவுக்கு வெளியிலிருந்து, தபால்காரர் இல்லாமல், நேராகக் குரல் வந்தது.

"முடிச்சு ரெண்டு போட்டியா?"

"போட்டேங்க."

"இன்னொண்ணு போடு."

போட்டேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

கடைசியாக அவள் மேடை ஏறினாள். நான் கம்பியைப் பார்க்கவில்லை, அதில் எத்தனை இரும்பு மாட்டியிருந்தார்கள் என்பதையும் பார்க்கவில்லை, என் கண் முழுக்க அந்த வலது விலாவில். குந்தினாள். நூல் ஒன்று முனகவேண்டுமே. எழுந்தாள். தலைக்குமேல் தூக்கி நிறுத்தி, மலைபோல நின்றாள். தூக்கியது சரி என்று நடுவர்கள் போடும் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மூன்றாவது இடம், தங்கச்சி! முகாமில் இடம் கிடைத்துவிட்டது! உன் அத்தான் என் கையைப் பிடித்திருந்தார் என்பதே அவர் விட்டபோதுதான் தெரிந்தது, விரல் எல்லாம் வெளுத்திருந்தது. என் நெஞ்சில் இத்தனை நாளாக யாரோ வைத்திருந்த அம்மிக்கல்லையும் சேர்த்துத்தான் அவள் தூக்கினாள். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு உன் ஊர்வரை வந்திருக்கும், ஜன்னல் ஆடியதா?

அவள் அப்பா போனிலேயே அழுதுவிட்டான். ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், குமிழை உன் அத்தான் பக்கம் திருப்பி வைத்தது. அவர் சொன்னபடி கடையில் கொடுத்திருந்தால் பிள்ளைக்கு இந்தக் கண்டமே வந்திருக்காது, எல்லாம் என் தலைக்கனம். சின்ன மகனை நம்பித் தைத்தேன், அவன் எங்கே நின்றிருக்கிறான் இங்கே நிற்பதற்கு? நாற்பது தடவை பூட்டைப் பார்க்கிறவர்தான் கடைசியில் நின்றார். மறுநாள் இருவரும் கடைக்குக் கிளம்பினோம், அவர் வழக்கம்போலத் தெருமுனையிலிருந்து திரும்பிப் போனார். நான் வெயிலில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரைக் குறைத்துப் பேசாதே. புருஷன் சொல்வதிலும் எப்போதாவது ஒரு சரி இருக்கும் என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

உன் முழங்கால் வலி தீரட்டும், உன் பிள்ளைகள் வேலையில் மேலும் மேலும் போகட்டும், உன் வீட்டு மெஷினில் நூல் அறாமல் ஓடட்டும். நீயும் உன் வீட்டுக்காரரும் எங்களைப்போல ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அக்கா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கூப்பிடும் சத்தம். தெருமுனைத் தையல்கடைக்காரர். "பேத்தி ஜெயிச்சிட்டாளாமே அம்மா! நான் பிடிச்சுக் குடுத்த தையல் நல்லா நின்னுச்சா?" என்றார். எந்தத் தையல் என்றேன். "உங்க வீட்டுக்காரர்தான் போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், நீங்க தூங்கும்போது கொண்டாந்தாரே. ஒரே கோணல்மாணலா இருந்துச்சு. எல்லாத்தையும் பிரிச்சிட்டு, நேரா, கம்பி மாதிரி ஒரு தையல் போட்டுக் குடுத்தேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன், உன் அத்தான் நாற்காலியில் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். நான் உடனே அந்த உடுப்பில் வெட்டி எடுத்த மிச்சத் துணியில் ஒரு பக்கம் நேர்த்தையல், ஒரு பக்கம் என் சின்ன மகன் தையல் போட்டு, தையல்கடைக்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். நேர்த்தையல் பட் பட்டென்று போனது. என் பிள்ளை துணியோடு நீண்டு, துணியோடு சுருங்கி, அப்படியே நின்றான்! வளைந்து கொடுப்பவன்தான் நிற்பான், அது இந்தக் கிழவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆகவே மேலே அவரைப் பற்றி எழுதிய நல்ல வார்த்தை எல்லாவற்றையும் நீ அடித்துவிட்டுப் படி. சின்னவனைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடு, பாவம் பிள்ளை. குளியலறைக் கதவு இன்னும் திறக்கவில்லை, நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ புதிதாக ஒரு போட்டோ எடுத்து, உடனே தபாலில் அனுப்பு, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். கூடத்துச் சுவரில் உன் அத்தான் படம் இருந்த சட்டம் இன்றைக்குக் காலியாகியிருக்கிறது.